குறை அபாய புராஸ்டேட் புற்றுநோயா? ஜீனோமிக் பரிசோதனையைச் சரியாகப் பயன்படுத்தும் முறை

புராஸ்டேட்டில் ஊசியால் எடுத்த திசுத் துண்டுகளின் பரிசோதனையான பயாப்ஸி அறிக்கையில், புற்றின் முரட்டுத்தனத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 3+3=6, அதாவது ஐந்து படிகளில் மிகக் குறைந்த கிரேடு குரூப் 1 என்று வந்தால், பெரும்பாலும் அது உயிருக்கு உலை வைக்காத வகைப் புற்றுநோய். உடனே அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ ஓட வேண்டியதில்லை. சிகிச்சை தராமல், பரிசோதனைகளால் தொடர்ந்து கவனிக்கும் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தாலே போதும். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். ஊசியில் சிக்கியது இவ்வளவுதான், ஆனால் சுரப்பிக்குள் இருப்பதும் இவ்வளவுதானா? பயாப்ஸியில் கிரேடு குரூப் 1 என்று வந்து, பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் மூன்று, நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், வெளியே எடுத்த சுரப்பியில் அதைவிட உயர்ந்த கிரேடு தெரிய வந்திருக்கிறது. இந்தச் சந்தேகத்தைக் குறைக்கத்தான், மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து அபாயத்தைக் கணிக்கும் ஜீனோமிக் பரிசோதனைகள் உதவுகின்றன. சரியான ஆளுக்கு, சரியான திசுவில், சரியான நேரத்தில் செய்தால் நிஜமாகவே உதவும். இவற்றில் ஒன்று தவறினாலும், கையில் கிடைக்கும் எண் வீண் பயத்தையோ பொய்யான நிம்மதியையோதான் தரும்.

முதலில் கையில் இருப்பதைக் கணக்குப் போடுங்கள்

ஜீனோமிக் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன் ஐந்து விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்: பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தத்தில் உள்ள அளவு, சுரப்பியின் கனஅளவு, ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையின்படி கட்டியின் நிலை (டி1, டி2 என்று குறிப்பது), கிரேடு குரூப், எத்தனை பயாப்ஸித் துண்டுகளில் புற்று எத்தனை மி.மீ. நீளம் இருக்கிறது என்பது. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். வழிகாட்டுதலின்படி பி.எஸ்.ஏ. மி.லி.க்கு 10 நானோகிராமுக்குக் கீழ், கிரேடு குரூப் 1, கட்டி டி1 முதல் டி2ஏ வரை என்றால் அது குறை அபாயம். அதிலும் டி1சி நிலை, மூன்றுக்கும் குறைவான துண்டுகளில் மட்டும் புற்று, எந்தத் துண்டிலும் பாதிக்கு மேல் இல்லை, பி.எஸ்.ஏ. அடர்த்தி 0.15க்குக் கீழ் என்றால் மிகக் குறைந்த அபாயம்.

அடர்த்தி என்பது பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கனஅளவால் வகுத்தால் வருவது. இதைப் பலரும் கணக்கிடாமலே விட்டுவிடுகிறார்கள். போடுவதோ மிகச் சுலபம். எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் உள்ள நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும். 5.0 × 4.2 × 4.6 × 0.52 என்றால் சுமார் 50 மி.லி. பி.எஸ்.ஏ. 6.4 என்றால் அடர்த்தி 0.13. அதே 6.4, 28 மி.லி. சுரப்பியில் வந்தால் அடர்த்தி 0.23. பி.எஸ்.ஏ. ஒன்றேதான், ஆனால் இரண்டு பேரின் நிலைமையும் ஒன்றல்ல. பெரிய சுரப்பி தானாகவே நிறைய பி.எஸ்.ஏ. சுரக்கும், சிறிய சுரப்பியிலிருந்து அவ்வளவு வருகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

பி.எஸ்.ஏ. எண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரைகளைத் தொடர்ந்து ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும், வந்த எண்ணை இரட்டிப்பாக்கித்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் போட்டிருப்பது, அண்மையில் நடந்த பயாப்ஸி எல்லாமே எண்ணை உயர்த்தும். முடி உதிர்வுக்காக ஃபினாஸ்டரைடு எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து எம்.ஆர்.ஐ. அதில் பை-ராட்ஸ் (சந்தேகத்தை 1 முதல் 5 வரை குறிக்கும் அளவு) 4 அல்லது 5 என்று ஒரு புள்ளி தெரிந்து, பயாப்ஸியில் வெறும் 3+3 என்று வந்தால், ஊசி அந்த இடத்தைத் தவறவிட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது முதலில் செய்ய வேண்டியது அந்த இடத்தைக் குறிவைத்து மறு பயாப்ஸி. ஊசி தொடாத கட்டியைப் பற்றி எந்த ஜீனோமிக் பரிசோதனையும் நேரடியாகச் சொல்லாது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதைத்தான் நாங்கள் பெரிய தவறாகக் கருதுகிறோம்.

ஸ்லைடுகளை, புராஸ்டேட் திசுவைத் தொடர்ந்து பார்க்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் (திசு ஆய்வு மருத்துவரிடம்) காட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். 3+3க்கும் 3+4க்கும் நடுவே கோடு மெல்லியது. ஒரே ஸ்லைடை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பது உண்டு. கிரிப்ரிஃபார்ம் எனும் சல்லடை போன்ற அமைப்போ, நாளத்துக்குள் பரவிய புற்றோ இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் அது குறை அபாயக் கணக்கிலேயே வராது.

எந்தப் பரிசோதனை எதற்கு

பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பயாப்ஸிக்கு முன், ‘ஊசி போட வேண்டுமா’ என்ற கேள்விக்கு உதவுபவை சிறுநீர்ப் பரிசோதனைகள். எக்ஸோ-டிஎக்ஸ், சிறுநீரில் உள்ள எக்ஸோசோம்களில் (செல்கள் வெளியிடும் நுண்பைகளில்) பி.சி.ஏ.3, ஈ.ஆர்.ஜி., எஸ்.பி.டி.இ.எஃப். ஆகிய மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை, அதாவது இயங்கும் மரபணு உருவாக்கும் நகலை அளக்கிறது. 50 வயதைத் தாண்டி, பி.எஸ்.ஏ. 2 முதல் 10 வரை உள்ளவர்களுக்கானது, ஸ்கோர் 15.6 என்பது அபாயம் குறைவு, அதிகம் என்று பிரிக்கும் அதன் வெட்டுப்புள்ளி. சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது வரும் முதல் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுத்தால் புராஸ்டேட்டிலிருந்து வந்த சரக்கு குறைந்துவிடும். செலெக்ட்-எம்டிஎக்ஸ் வேறு மாதிரி. அதற்கு முதலில் விரல் பரிசோதனையில் சுரப்பியின் இரு பக்கமும் மும்மூன்று முறை அழுத்தி வருட வேண்டும். அதன் பிறகு வரும் சிறுநீரில் ஹாக்ஸ்.சி.6, டி.எல்.எக்ஸ்.1 மரபணுக்களைப் பார்க்கிறார்கள். வருடாமல் அனுப்பினால் மாதிரி போதவில்லை என்று திரும்பி வரலாம்.

பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராதவர்களுக்கு கன்ஃபர்ம்-எம்டிஎக்ஸ். ஜி.எஸ்.டி.பி.1, ஏ.பி.சி., ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1 ஆகிய மூன்று மரபணுக்களின் மீது மெத்தில் எனும் வேதிக் குறி ஏறியிருக்கிறதா என்று அதே பயாப்ஸித் திசுவில் தேடும். புற்றுக்கு அருகே இருக்கும் பார்வைக்கு நல்ல திசுவிலும் இந்தக் குறி படிந்திருக்கும் என்பதே இதன் அடிப்படை.

நம் கேள்விக்கு நேரடியாக உரியது மூன்றாவது கூட்டம்: புற்று உறுதியான பயாப்ஸித் திசுவில் செய்பவை.

ஆன்கோடைப் டிஎக்ஸ் ஜி.பி.எஸ். 17 மரபணுக்களை அளக்கிறது. 12 புற்றோடு தொடர்புள்ளவை, 5 ஒப்பீட்டுக்கானவை. ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) சமிக்ஞை, செல் பெருக்கம், செல்லின் கட்டமைப்பு, சுற்றுத் திசுவின் எதிர்வினை என்று நான்கு வழிகளை அவை பிரதிபலிக்கின்றன. ஸ்கோர் 0 முதல் 100 வரை. வெறும் 1 மி.மீ. நீளப் புற்று இருந்தாலும் செய்ய முடியும் என்பதால் சின்னப் புற்றுக்கு ஏற்றது.

ப்ரோலாரிஸ், செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதையே குறியாகக் கொண்டது. செல் சுழற்சி மரபணுக்கள் 31, ஒப்பீட்டுக்கு 15. அதன் ஸ்கோரைத் தனியாகப் படிக்காமல், வயது, பி.எஸ்.ஏ., கிரேடு முதலியவற்றைக் கூட்டிய காப்ரா மதிப்போடு சேர்த்துத்தான் அறிக்கையில் தருவார்கள். சேர்த்த மதிப்பு 0.8 வரை இருந்தால் கண்காணிப்புக்கு உகந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

டிசைஃபர் 22 குறியீடுகளை அளந்து 0 முதல் 1 வரை மதிப்பு தரும். 0.45க்குக் கீழ் குறைவு, 0.45 முதல் 0.60 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். அறுவைக்குப் பிறகு எடுத்த திசுவிலும் செய்யலாம்.

மூன்றும் ஆர்.என்.ஏ.வைத்தான் அளக்கின்றன, ஆனால் மூன்றின் எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்க முடியாது. ஜி.பி.எஸ். 45ம் டிசைஃபர் 0.45ம் பார்வைக்கு ஒன்று போல இருக்கலாம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு மூன்று பரிசோதனைகளை ஒரே நேரத்தில் செய்து பார்ப்பதும் வீண்: விடைகள் முரண்பட்டால் எதை நம்புவது என்று சொல்ல வழியில்லை, திசுவும் தீர்ந்துவிடும்.

பரம்பரை மரபணுப் பரிசோதனை இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. ரத்தம் அல்லது உமிழ்நீரில் செய்வது, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஆர்.சி.ஏ.1, ஏ.டி.எம்., செக்2, ஹாக்ஸ்.பி.13, எம்.எஸ்.எச்.2 போன்றவற்றில் பிறவியிலேயே பிழை உண்டா என்று பார்க்கும். அப்பா அல்லது அண்ணன் தம்பிகளில் யாராவது புராஸ்டேட் புற்றால் இறந்திருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயது மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று, கணையப் புற்று இருந்தால், திசுப் பரிசோதனையைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.2 பிழை உள்ளவருக்கு 3+3 என்று வந்தாலும் கண்காணிப்பின்போது கிரேடு உயரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திசுவின் ஸ்கோர் குறைவாக இருக்கிறதே என்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

விடை எதுவாக இருந்தாலும் அடுத்த நடவடிக்கை மாறப்போவதில்லை என்றால் பரிசோதனை வேண்டாம். சின்ன அளவில் 3+3, அடர்த்தி 0.08, எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப் புள்ளி ஒன்றும் இல்லை: இவருக்குக் கண்காணிப்புதான், ஸ்கோர் தேவையில்லை. கிரேடு குரூப் 4, 5க்கு ‘குறை அபாயமா’ என்ற கேள்வியே எழாது. வேறு நோய்களால் பத்தாண்டு ஆயுளே ஐயம் என்பவருக்கும் பயனில்லை.

பலன் தருவது நடுவில் நிற்பவர்களுக்கு. 3+3தான், ஆனால் ஏழெட்டுத் துண்டுகளில் இருக்கிறது. அல்லது அடர்த்தி 0.2ஐத் தாண்டுகிறது. அல்லது 3+4, அதில் 4ஆம் வகை 5 சதவீதம்கூட இல்லை. கண்காணிப்பில் வைக்கலாமா என்ற தயக்கம். இப்படிப்பட்டவர்களை ஏதேனும் ஒரு பக்கம் நகர்த்த ஸ்கோருக்கு வலு உண்டு.

திசுவை வீணாக்காமல் அனுப்புவது

பரிசோதனை தோற்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, திசுவைக் கையாளும் இடத்தில். பயாப்ஸி துண்டு நூலிழை போன்றது. கனம் ஒரு மி.மீ.க்கும் குறைவு, நீளம் ஒன்றரை செ.மீ. அளவு. அதில் புற்று இருக்கும் பகுதி 2 மி.மீ. என்றால் எவ்வளவு சின்ன இடம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊசியிலிருந்து வந்ததும் துண்டை உடனே 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினில் போட வேண்டும். வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் திசுவில் உள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வைத் தின்னும். பஃபர் சேர்க்காத ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகி ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இரண்டையும் சிதைக்கும். ஃபார்மலினில் இருக்கும் நேரம் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்வது நல்லது. விடுமுறைக்கு முந்தின நாள் எடுத்த பயாப்ஸி நாலைந்து நாள் அதிலேயே கிடப்பது எளிதில் நடக்கக்கூடியது.

எடுத்த இடத்தைக் குறித்து, துண்டுகளைத் தனித்தனிப் புட்டியில் போடுவது அவசியம். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டால் துண்டுகள் பின்னிக்கொள்ளும். எத்தனை துண்டில் புற்று என்ற கணக்கே தெரியாமல் போகும்.

திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக்கை, மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் மாட்டும் ஒவ்வொரு முறையும், முகத்தைச் சமமாக்க மேலிருந்து கொஞ்சம் சீவி எறிய வேண்டியிருக்கும். முதல் முறை சாயமேற்ற, இரண்டாம் முறை பி63 போன்ற இம்யூனோ சாயங்களுக்கு, மூன்றாம் முறை ஜீனோமிக்ஸுக்கு என்று தவணையாக வெட்டினால் அந்த 2 மி.மீ. புற்று சீவலிலேயே போய்விடும். எனவே முதல் வெட்டின்போதே சாயமேற்றாத சில ஸ்லைடுகளைச் சேர்த்து எடுத்து வைக்கும்படி பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. வெட்டு 4 அல்லது 5 மைக்ரான். ஒவ்வொரு நோயாளிக்கும் புது பிளேடு, சுத்தமான நீர்த்தொட்டி. வெட்டிய வரிசையில் முதலாவதையும் கடைசியையும் ஹெச் & ஈ எனும் வழக்கமான சாயமேற்றிப் பார்த்து, இரண்டிலும் புற்று இருந்தால்தான் நடுவில் உள்ளவற்றிலும் இருக்கும் என்று நம்பலாம்.

எந்த பிளாக்கை அனுப்புவது? மிக உயர்ந்த கிரேடு உள்ளதை. கிரேடு சமம் என்றால் புற்றின் நீளம் அதிகமுள்ளதை. புராஸ்டேட்டில் பல இடங்களில் தனித்தனியே புற்று முளைப்பது சகஜம். ஒன்று சாதுவாகவும் மற்றொன்று முரடாகவும் இருக்கலாம். வலப்பக்கத் துண்டின் ஸ்கோர் இடப்பக்கத்துக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே ஹார்மோன் மருந்தோ கதிர்வீச்சோ எடுத்தவரின் திசுவில் இந்தப் பரிசோதனைகளைச் செய்யக் கூடாது. ஹார்மோன் மருந்து ஆண்ட்ரோஜன் மரபணுக்களை அடக்கிவிடும், ஸ்கோர் பொய்யாகும்.

‘போதிய திசு இல்லை’ என்று வந்தால் அதை ‘புற்று குறைவு’ என்று படிக்காதீர்கள். அது விடையே அல்ல. அடுத்த பிளாக்கை அனுப்பலாமா என்று கேளுங்கள். அதற்காக மட்டும் மறுபடி ஊசி போட வேண்டாம். கண்காணிப்பின் முதல் ஆண்டுக்குள் எப்படியும் வரப்போகும் உறுதிப்படுத்தும் பயாப்ஸி வரை பொறுக்கலாம்.

அறிக்கையைப் படிப்பது

முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட ஸ்கோரைத் தாண்டி, கீழே உள்ள சதவீதங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு சதவீதத்துக்கும் மூன்று கேள்வி: எது நடக்கும் வாய்ப்பு, எத்தனை ஆண்டுக்குள், எந்தச் சிகிச்சை எடுத்தவர்களில்? அறுவையில் எடுத்த சுரப்பியில் உயர்ந்த கிரேடு போன்ற மோசமான அறிகுறி தெரியும் வாய்ப்பு 20% என்பதும், பத்தாண்டில் புற்றால் இறக்கும் வாய்ப்பு 2% என்பதும் ஒரே அறிக்கையில் அருகருகே இருக்கலாம். முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவது என்று நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. ‘இரு மடங்கு அபாயம்’ என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். ஒன்று இரண்டானாலும் இரு மடங்கு, இருபது நாற்பதானாலும் இரு மடங்கு.

வெட்டுப்புள்ளியைச் சுவர் மாதிரி பார்க்க வேண்டாம். டிசைஃபர் 0.44ம் 0.46ம் வேறு வேறு பெட்டியில் விழும். உயிரியல் ரீதியாக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

எண்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதற்கு பிரிட்டனின் ப்ரோடெக்ட் ஆய்வு நல்ல அளவுகோல். 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2023இல் வந்த 15 ஆண்டு முடிவில் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1%, அறுவையில் 2.2%, கதிர்வீச்சில் 2.9%. வேறுபாடு கணக்கில் எடுக்கும் அளவு இல்லை. ஆனால் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4%, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5%. அதில் சேர்ந்தவர்களில் குறை அபாயத்தைத் தாண்டியவர்களும் கணிசம். யாரைக் காத்திருக்கச் சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது என்று தேர்ந்தெடுப்பதன் மதிப்பு அந்த 9.4%இல்தான் இருக்கிறது.

ஜீனோமிக்ஸின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கண்காணிப்பில் இருந்துவிட்டுப் பின்னர் அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்த கேனரி பாஸ் எனும் ஆய்வுக் குழுவின் 2020 ஆய்வில், பி.எஸ்.ஏ. அடர்த்தியையும் கிரேடையும் கணக்கில் எடுத்த பிறகு ஜி.பி.எஸ். தனியாகக் கூடுதல் தகவல் தரவில்லை. எளிய பெருக்கல், வகுத்தலில் கிடைக்கும் அடர்த்தியை முதலில் போடச் சொன்னதன் காரணம் இதுவே. சிகாகோவில் நடந்து 2021இல் வெளியான குலுக்கல் ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: மருத்துவத் தகவலைப் படித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் உள்ளவர்கள், ஸ்கோர் கிடைத்த பிறகு கண்காணிப்பைத் தேர்ந்தெடுப்பது குறைந்தது. ஆகவே, எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்பதை மாதிரி அனுப்பும் முன்பே மருத்துவரும் நோயாளியும் வீட்டாரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துவிட வேண்டும்.

ஸ்கோர் வந்த பிறகு

மற்ற விவரங்களும் ஸ்கோரும் ஒரே திசையில் குறைவு என்றால் கண்காணிப்பு. பி.எஸ்.ஏ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரல் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை, முதல் ஆண்டுக்குள் உறுதிப்படுத்தும் பயாப்ஸி, பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு இடைவெளியில். ஸ்கோர் குறைவு என்பதற்காக அந்த உறுதிப்படுத்தும் பயாப்ஸியைத் தவிர்க்கக் கூடாது. குறைந்த ஸ்கோரின் பலன், அடுத்தடுத்த பயாப்ஸிகளுக்கு நடுவே இடைவெளியை நிதானமாக நீட்டலாம் என்பது.

மற்றதெல்லாம் குறைவு, ஸ்கோர் மட்டும் அதிகம் என்றால் நேராக அறுவை மேசைக்குப் போகாதீர்கள். கிரேடு குரூப் 1 அப்படியே இருக்கும்வரை ஸ்கோர் மட்டுமே சிகிச்சைக்குக் காரணமாகாது. எம்.ஆர்.ஐ. எடுக்காதிருந்தால் இப்போது எடுங்கள். பயாப்ஸி முடிந்த ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்தால் ரத்தக் கசிவு படத்தைக் குழப்பாது. ஸ்லைடுகளை மறு பார்வைக்கு அனுப்புங்கள். உறுதிப்படுத்தும் பயாப்ஸியை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். அதிலும் 3+3 மட்டுமே என்றால் நெருக்கமான கண்காணிப்பு போதும். உயர் கிரேடு தெரிந்தால், சிகிச்சைக்கான காரணம் அந்தத் திசுவிலேயே இருக்கிறது.

ஒரே திசுவில் ஒருமுறை செய்ததை ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டாம். போக்கைக் கவனிக்கும் கருவியாக இந்தப் பரிசோதனைகள் உருவாக்கப்படவில்லை. புது பயாப்ஸியில் புதிய இடத்திலோ உயர்ந்த கிரேடிலோ புற்று தென்பட்டால், அந்தத் திசுவில் செய்வதற்கு நியாயம் உண்டு. மருத்துவமனை மாறினால் அறிக்கைகளின் நகல் மட்டும் போதாது. எந்த பிளாக், என்ன எண், அதில் எவ்வளவு திசு மிச்சம், அது எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.